அவர் கேட்டது 175, நான் போட்டது 155

1997 நவம்பரில், ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நான் முதன்முதலாகத் தனியாகக் கார் ஓட்டிப் போனேன். பன்னிரண்டு கிலோமீட்டர். இதற்கெல்லாமா ஒரு பயணப் பதிவு என்று கேட்பீர்கள். "பழைய சின்னக் காரில் மலைப்பாதை வழியாகத் திருவனந்தபுரம் போகப்போகிறேன், டயர் எப்படித் தேர்ந்தெடுப்பது?" என்று போன வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தார். அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டரிலிருந்துதான் தொடங்குகிறது.

அப்போது நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தேன். என் கணவர் டேனியல் அதே ஆலையில் மெக்கானிக்காக இருந்தவர். 1995இல் துபாய்க்குப் போனார், கிரேன் பராமரிப்பு வேலைக்கு. போவதற்கு எட்டு மாதம் முன்னால்தான், வீட்டுமனை ஒன்றை விற்று ஒரு சிவப்பு ஜென் கார் வாங்கியிருந்தார். அன்றைய சின்ன வண்டிகளில் வேகத்துக்குப் பேர் போனது அது. மனையை விற்றதற்கு என் மாமனார் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. வண்டி வாங்கிய மறுவாரமே டேனியல் என்னை ஏற்றிக்கொண்டு செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வரை போனார். வளைவுகளில் நான் கத்தினேன், அவர் சிரித்தார். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் மட்டுமாகப் போன ஒரே வெளியூர் அதுதான்.

அவர் போனபின் வண்டி முடங்கியாறு சாலையில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நின்றது. கடிதங்களில் எனக்கு நாலு வரி வரும், வண்டிக்கு ஒரு பத்தி வரும். கோபம் வரவில்லை. எனக்கு எழுதும் நாலு வரியும் எல்லோரும் எழுதுவது போல இருக்கும். வண்டியைப் பற்றி எழுதும்போதுதான் அவர் குரலே காதில் விழும். அதனால் அந்தப் பத்தியைத்தான் திரும்பத் திரும்பப் படிப்பேன். அதில் ஒன்று: "டயர் மாத்துறதா இருந்தா 175தான் போடணும் ஜெசி. நல்லா அகலமா இருக்கும். ஆரியங்காவு வளைவுல ரோட்டைப் பிடிச்சிக்கிட்டு நிக்கும், பாரு."

டிசம்பர் 20ஆம் தேதி முப்பது நாள் விடுப்பில் வருவதாக அக்டோபரில் எழுதினார். அவருக்குத் தெரியாத ஒரு விஷயம் என்னிடம் இருந்தது. ஆறு மாதமாக ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பழைய அம்பாசடரில் ஓட்டப் பழகி, லைசென்ஸும் எடுத்துவிட்டேன். திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு அவருடைய வண்டியை நானே ஓட்டிக்கொண்டு போய் நிற்க வேண்டும். அந்த ஒரு நினைப்பில்தான் அந்த வருடமே ஓடியது.

மெக்கானிக்கை வரவழைத்து பாட்டரி மாற்றி, எண்ணெய் மாற்றி, வண்டியைக் கிளப்பியாயிற்று. டயர்தான் பிரச்சினை. மேலே பார்த்தால், தரையைப் பிடிக்கும் பட்டன் பாதிக்கு மேல் இருந்தது. ஆனால் ஒரே இடத்தில் இரண்டு வருடம் நின்றதில் பக்கவாட்டு ரப்பரில் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. காற்றடித்து ஓட்டினாலும் தரையில் அழுந்திய இடம் சரியாகவில்லை, நாற்பதைத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்கியது. நிற்கிற வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்: டயர் ஓடித்தான் கெட வேண்டும் என்பதில்லை. மாதம் ஒருமுறை வண்டியை அரை அடியாவது நகர்த்தி நிறுத்துங்கள்.

ராஜபாளையத்தில் லாரி டயர் வேண்டுமென்றால் பத்துக் கடை. இந்த அளவு ரேடியல் கார் டயர் கேட்டபோது மதுரையிலிருந்து வர பத்து நாளாகும் என்றார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் காஜா பாய் கடையில் இருக்கும் என்று சொன்னது என்னோடு வேலை பார்த்த ராஜம்மாள் அக்கா. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

"நானும் கூட வரட்டுமா?"

"வேணாங்க்கா. ஒத்தையில ஓட்டிப் பாக்கணும்."

"அம்மாடி, லாரிக்காரன் ஆரன் அடிச்சா பதறாத. அவனுக்கு அவசரம்னா அவன் ஒதுங்கிப் போகட்டும்."

காலை 9.20க்குக் கிளம்பி 9.55க்குப் போய்ச் சேர்ந்தேன். மூன்றாவது கியருக்கு மேல் போகவில்லை. பின்னால் வந்த டவுன் பஸ் ஆரன் அடித்துக்கொண்டே வந்து, கடைசியில் அலுத்துப்போய் முந்திக்கொண்டது. மேற்கே மலை முழுக்க மேகம். ஓட்டுகிறவள் வேறு பக்கம் பார்க்கக்கூடாது என்று தெரியும். இருந்தாலும் பார்த்தேன்.

காஜா பாய்க்கு ஐம்பது வயது இருக்கும். வண்டியிலிருந்து வேறு யாராவது இறங்குவார்களா என்று சற்று நேரம் பார்த்தார். பிறகு டயர் பக்கம் குனிந்து கட்டைவிரலால் ரப்பரை அழுத்தினார்.

"இதைப் போட்டுக்கிட்டு எம்புட்டு தூரம்மா போகப்போறீய?"

"திருவனந்தபுரம். மலை வழியா."

"வேணாம்மா. இந்த மழையில இது பாதியில வெடிச்சிரும். நாலையும் மாத்துங்க."

மூன்று அளவு காட்டினார், அகலம் மில்லிமீட்டர் கணக்கில். வண்டியோடு வந்த 145, அதற்கு அடுத்த 155, பிறகு அந்த 175. முதலாவது ஒன்று 1,290 ரூபாய், அடுத்தது 1,480, கடைசியாகச் சொன்னது 2,650. மூன்றாவதைச் சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். அகலமாக, கறுப்பாக, மொத்த வண்டியையும் தூக்கி எறியப்போவதுபோல. டேனியல் பார்த்திருந்தால் தடவிக்கொண்டே நின்றிருப்பார்.

"அதையே போட்டிருங்க" என்றேன்.

காஜா பாய் தலையாட்டவில்லை. "வண்டி ஓட்டப்போறது யாரு?"

"நான்தான். பொறவு எங்க வீட்டுக்காரவிய."

"ஒங்க ரிம்மு ஒடுக்கம்மா. அதுல இதைத் திணிச்சா டயர் சைடுல பிதுங்கி நிக்கும். வேகத்துக்கு நல்லாருக்கும்னு நெனைக்காவ. வளைவுல ஆடும். அகலமான ரிம்மும் சேத்து வாங்கினாத்தான் இதுக்கு அழகு." பிறகு காற்றடிக்க நின்றிருந்த ஒரு டாக்டரின் காரைக் காட்டினார். அதே மாதிரி ஜென், 175 போட்டது. டிரைவரிடம் கேட்டுவிட்டு என்னை உள்ளே உட்காரச் சொன்னார். "நின்ன இடத்துலயே ஸ்டியரிங்கை ஒடிச்சிப் பாருங்க."

இரண்டு கையாலும் இழுத்தேன். கால் பங்குகூடத் திரும்பவில்லை. தோள்பட்டையை முட்டுக்கொடுத்து இன்னொரு முறை இழுத்தபோது டாக்டரின் டிரைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். இறங்கி என் வண்டியில் ஏறித் திருப்பிப் பார்த்தேன். சிரமப்பட்டாலும் திரும்பியது.

கடை வாசலில் போட்டிருந்த நாற்காலியில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். டேனியல் துபாய் வெயிலில் நின்றுகொண்டு ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே பொருள் அது. எனக்கு இது வேண்டும் என்று வேறெதையும் அவர் எழுதியதில்லை. அதைப் போட்டால் அவருக்காகப் போட்டதாக இருக்கும், ஆனால் அவரைக் கூப்பிடப் போக என்னால் ஓட்ட முடியாது. ஓட்ட முடிந்ததைப் போட்டால் வந்து இறங்கியதும் முதல் பார்வையிலேயே அவர் முகம் வாடும்.

"155 போடுங்க பாய்."

போடுவதற்கு முன் நான்கையும் உருட்டச் சொல்லிப் பக்கத்தில் பொறித்திருந்த எண்களைப் படித்தேன். சோதனைக்கூடப் பழக்கம். அந்தக் காலத்தில் கடைசியில் மூன்று இலக்கம் இருக்கும்: முதல் இரண்டும் வாரம், மூன்றாவது வருடத்தின் கடைசி எண். மூன்று டயரில் 347 என்று இருந்தது. ஒன்றில் மட்டும் 465, அதாவது இரண்டு வருடம் பழையது.

"இது மட்டும் மூத்த பிள்ளையா இருக்கே பாய்?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "நெசந்தான். இத்தன வருசத்துல இதைப் படிச்சிக் கேட்டவிய யாருமில்ல." உள்ளே போய் அவரே வேறொன்றை எடுத்துவந்தார். பழையதில் சுமாரான ஒன்றை ஸ்டெப்னிக்கு ஒதுக்கினோம். மாட்டி, சமன் பார்த்து முடிக்க ஒன்றரை மணி நேரம். கிருஷ்ணன்கோவில் வரை ஓட்டிப் பார்த்துத் திரும்பினேன். அறுபதில்கூட ஸ்டியரிங் நடுங்கவில்லை. கல்லூரி பஸ் ஒன்றை முந்தினேன். ஜன்னலிலிருந்து இரண்டு பெண்கள் கையாட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு டேனியல் துபாயிலிருந்து எங்கள் தெரு எஸ்.டி.டி. பூத்துக்குப் பேசுவது வழக்கம். டிசம்பர் இரண்டாவது வெள்ளி, குரல் சரியில்லை.

"லீவு இல்லன்னுட்டான் ஜெசி. மாத்தாளு பாதியில ஊருக்குப் போயிட்டான். ஜூன்லதான்."

பக்கத்துக் கூண்டில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த மீட்டரில் எண்கள் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வண்டி எப்படி இருக்கு?"

"நாலு டயரும் மாத்தியாச்சு."

"175தானே?"

"வந்து பாருங்க" என்றேன்.

20ஆம் தேதி விடுப்பு எடுத்திருந்தேன். அதை ரத்து செய்ய மனம் வரவில்லை. ராஜம்மாள் அக்காவை ஏற்றிக்கொண்டு காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். சோழபுரம், சிவகிரி, புளியங்குடி, தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு. மூன்று இடத்தில் மழை. ஈரத்தில் பிரேக் போட்டபோது டயர் ஒருமுறைகூட வழுக்கவில்லை. ஆரியங்காவில் வண்டியை ஓரம்கட்டி நின்றோம். திருவனந்தபுரம் பஸ் ஒன்று எங்களைத் தாண்டி இறங்கிப் போனது. அது வளைவில் மறைந்த பிறகும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"போய்ட்டு வருவமா, அது போற ஊரு வரைக்கும்?" என்றார் அக்கா.

"அங்க போயி யாரைப் பாக்க?"

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏறி உட்கார்ந்து வண்டியைத் திருப்பினேன்.

ஜூனில் அவர் வந்தார். நான் அதிகாலை 4.30க்குத் தனியாகக் கிளம்பி, தென்மலை, குளத்துப்புழை, நெடுமங்காடு வழியாக 9.15க்கு விமான நிலையம் சேர்ந்தேன். மொத்தம் 168 கிலோமீட்டர். காலை பத்தரைக்கு வெளியே வந்தவர் இளைத்திருந்தார். காதோரம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்தார். பிறகு, "டாக்ஸி எங்க?" என்றார்.

சிவப்பு வண்டியைக் காட்டினேன். யார் ஓட்டிவந்தது என்று சுற்றிலும் தேடினார். சாவி என் கையில் இருந்தது. அவர் மெல்ல வண்டியைச் சுற்றிவந்தார். முன் டயரின் அருகில் குந்தி எண்ணை விரலால் தடவினார்.

"155."

"175ஐ என்னால திருப்ப முடியல" என்றேன். "உங்களைக் கூப்பிட வரணும்ல."

எழுந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

வாசகிக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். வண்டியோடு வந்த அளவிலிருந்து ஒரு படிக்கு மேல் தாண்ட வேண்டாம். தாண்டுவதென்றால் ரிம்மையும் மாற்றுங்கள். தயாரித்த வாரத்தைப் படித்து வாங்குங்கள், இப்போது நாலு இலக்கம் இருக்கும். யார் ஓட்டப்போகிறார்களோ அவர் கைக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஆரியங்காவுப் பாதையில் ஜூனில் நல்ல மழை இருக்கும், ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். யாரையாவது கூப்பிடத்தான் போகிறீர்கள் என்றால் இன்னும் ஒன்று. மூன்று வருடப் பேச்சைச் சேர்த்துவைத்திருப்பீர்கள். அவர்கள் நெடுமங்காடு தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார்கள். எழுப்ப வேண்டாம். வளைவுகளில் தலை கண்ணாடியில் முட்டாதபடி முப்பதிலேயே ஓட்டுங்கள். நான் அப்படித்தான் ஓட்டினேன், செங்கோட்டை வரை.