எடைக்காரம்மா விட்ட பூஜ்ஜியம்

கிடங்கில் எல்லாருக்கும் அவள் எடைக்காரம்மா. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தட்டுத் தராசோடுதான் மல்லுக்கட்டுகிறாள். இரண்டு தட்டிலும் ஒரே அளவு மூட்டை இருந்தால் இரண்டையும் இறக்கிவிட்டு மிச்சத்தை மட்டும் பார்ப்பாள். அந்தக் கைப்பழக்கம்தான் அவள் காலை வாரியது.

மேற்பார்வையாளர் வேலை காலியானது. பத்தாம் வகுப்புக் கணக்கில் தேறினால் அவளுக்கே தருவதாக முதலாளி வாய்விட்டுச் சொன்னார். பரீட்சை எழுதினாள்; ஒரே ஒரு மதிப்பெண்ணில் கோட்டைவிட்டாள்.

"அடுத்த பரீட்சை வரைக்கும் பொறுக்கறேன்மா. அதுக்கு மேல முடியாது" என்றார் முதலாளி.

விடைத்தாளின் நகலை வாங்கிப் பார்த்தாள் நாத்தனார். வீட்டிலேயே டியூஷன் எடுப்பவள். x² = 7x என்ற கணக்கில் இரண்டு பக்கமும் ஒரு x-ஐ அடித்துவிட்டு, x = 7 என்று எழுதி அடியில் கோடும் இழுத்திருந்தாள் இந்த மகராசி.

"ஒரு விடையை முழுங்கிட்டீங்களே அண்ணி! பூஜ்ஜியம் எங்க?"

"ரெண்டு தட்டுலயும் ஒரே மூட்டை. இறக்கினா என்ன தப்பு?"

"மூட்டை காலியா இருந்தா? எந்தப் பக்கம் எத்தனை வெச்சாலும் தராசு நேராத்தானே நிக்கும்? அப்ப ஏழுன்னு எப்படி அடிச்சுச் சொல்வீங்க?"

"காலி மூட்டையை எவ எடை போடுவா?"

"பரீட்சை வைக்கறவன் போடுவான். x-ஐ அடிக்காதீங்க. எல்லாத்தையும் ஒரே பக்கம் கொண்டுவந்து, பொதுவா இருக்கறதை வெளியே எடுங்க. x(x − 7) = 0. பெருக்கினா பூஜ்ஜியம் வருதுன்னா, ரெண்டுல ஏதோ ஒண்ணு பூஜ்ஜியம். x பூஜ்ஜியமா இருக்கலாம், இல்ல x − 7 பூஜ்ஜியமாகி x ஏழா இருக்கலாம்."

அன்றிலிருந்து அவளுக்குப் பூஜ்ஜியப் பைத்தியம் பிடித்தது. துணி உலர்த்தும்போதும் "பூஜ்ஜியத்தை விடாதே" என்று முணுமுணுத்தாள். புருஷன்காரன் தலையில் அடித்துக்கொண்டான்.

பரீட்சை முடிந்து வந்தவளை நாத்தனார் வாசலிலேயே மடக்கினாள்.

"அந்தக் கணக்கு வந்துச்சா?"

"வந்துச்சு. x² = 9x."

"பூஜ்ஜியம்?"

"கொட்டை எழுத்துல எழுதினேன்."

"ஒன்பது?"

எடைக்காரம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். பூஜ்ஜியம் எழுதிய சந்தோஷத்தில் அடுத்த கணக்குக்குத் தாவியிருந்தாள்.

முடிவு வந்தது. மறுபடியும் ஒரு மதிப்பெண் குறைவு. வேலை வேறொருத்திக்குப் போனது. அழுதாள். நாத்தனாரும் கூட உட்கார்ந்து அழுதாள்.

"போதும் அண்ணி, இந்தப் பரீட்சையே வேணாம்."

எடைக்காரம்மா மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

"அந்தக் கணக்குக்கு ரெண்டு விடைதானே? ரெண்டையும் ஒவ்வொரு தடவை விட்டாச்சு. இனிமே விடறதுக்கு என்ன இருக்கு?"