மெத்தையை எடுத்த பிறகு

முதல் அறிகுறி என்று ஒன்றும் இல்லை. அக்காவுக்கு மார்புப் புற்றுநோய் வந்ததால் எனக்கும் எம்.ஆர்.ஐ (காந்தப் புலத்தால் உடலுக்குள் படமெடுக்கும் முறை) எடுத்தார்கள். கைக்கும் தட்டுப்படாத, ஒலியலைப் படத்திலும் தெரியாத ஒரு புள்ளி, இடது மார்பில் விலா எலும்பை ஒட்டித் தெரிந்தது.

அந்த இயந்திரம் எனக்குப் புதிதல்ல. ஓய்வு பெற்று மாத்தளைக்கு வரும்வரை, படத்தைப் பார்த்தபடியே ஊசி செலுத்துவதற்கான எம்.ஆர்.ஐ மேசைகளை வெளிநாட்டில் வடிவமைத்தவள் நான். குப்புறப் படுத்தால் மார்பு ஒரு துவாரத்தின் வழியே கீழே இறங்கும். பக்கவாட்டில் ஊசி நுழையும். துவாரத்தின் விளிம்புக்கு மெத்தை வேண்டும் என்று, ஒருநாளும் அதில் படுக்கத் தேவையில்லாத ஆண்களோடு சண்டை பிடித்து வென்றவளும் நான்தான்.

கொழும்பில், திசு மாதிரி எடுப்பதற்காக அதே வகை மேசையில் படுத்தேன். புள்ளி ஊசிக்கு எட்டாமல் மேலேயே நின்றது.

"எட்டல மிஸ்," என்றாள் படமெடுக்கும் பெண், மாத்தளைக்குப் பக்கத்து ஊரான இரத்தோட்டைக்காரி.

வழுக்கைத் தலை டொக்டர் இரண்டு வழி சொன்னார். ஆறு மாதம் காத்திருந்து பார்க்கலாம். அல்லது மார்பை முழுதாக அகற்றலாம். "உங்கட வயசுக்கு அது பெரிய இழப்பில்லைதானே."

"உங்களுக்குத் தலைமயிர் மாதிரியோ, டொக்டர்?"

அந்தப் பெண் இருமலாகச் சிரிப்பை மாற்றினாள்.

"பிள்ளை, மெத்தையை எடும். இடக்கையையும் தலைக்கு மேல வைக்காமல் துவாரத்துக்குள்ள விடுவம். உடம்பு இன்னும் கீழ இறங்கும்," என்றேன் அவளிடம்.

"ஐயோ மிஸ், கை மேலதான் இருக்கணும்னு ரூல்ஸ்ல இருக்குங்க. எலும்புல பட்டா ரொம்ப வலிக்கும்."

"அந்த ரூல்ஸ் எழுதின ஆக்களில நானும் ஒராள். நோகட்டும்."

டொக்டர் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். மறுபடி படம் எடுத்தார்கள். புள்ளி இறங்கியிருந்தது. ஊசி எட்டியது. விளிம்பு விலாவில் அழுத்திய அழுத்தத்தில், மெத்தைக்காக நான் போட்ட சண்டை நியாயமானதுதான் என்பது உறுதியாயிற்று.

புற்றுநோய்தான். ஆனால் சிறியது. கட்டியை மட்டும் வெட்டி, கதிர்வீச்சு கொடுத்தார்கள். மார்பு என்னிடமே இருக்கிறது.

எல்லோருக்கும் இப்படி எட்டும் என்று சொல்லமாட்டேன். முடியாது என்றால், முடியாதது உடலாலா மேசையாலா என்று மட்டும் கேளுங்கள்.

மேசைகளுக்காக நான் வரைந்த உடல்கள் நேரானவை, அசையாதவை. இப்போது இருப்பது இடப்பக்கம் ஒடுங்கிய, கை தூக்கினால் இழுக்கிற உடல். காத்திருக்கச் சொன்ன ஆறு மாதம் போன கிழமை முடிந்தது. அன்று, படமெடுத்த அந்தப் பிள்ளை கூப்பிட்டு, அவள் வீட்டுச் சாப்பாட்டுக்கு இரத்தோட்டை பஸ்ஸில், நின்றபடி, வளைவுக்கு வளைவு ஆடிக்கொண்டு போனேன். அசையாதே என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.