பாக்கியம் அக்கா வீட்டில் தேங்க்யூ செல்லாது

1. உத்தரவு

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எங்கள் தலைமை ஆசிரியை அழுதுவிட்டார். அதற்கு நான் காரணமில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய சின்னத் தமிழ்ப் பள்ளிக்கூடம் அது. தலைமை ஆசிரியை பிரெஞ்சுக்காரர். எல்லோருக்கும் அவர் ‘மதர்’. தமிழைப் புத்தகம் பார்த்துப் படித்தவர். மாதா திருநாளன்று பிள்ளைகளுக்குத் தன் கையாலேயே பன் கொடுத்தார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு எல்லாம் ஓட்டமெடுத்தன. ஒன்றுகூட வாய் திறக்கவில்லை.

“ஒரு பிள்ளையும் எனக்கு நன்றி சொல்லவில்லை, டீச்சர். நான் ஏதும் தவறு செய்தேனா?” என்று கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் கிள்ளானில் கணக்கெழுதும் ஒரு கிராணியின் மகள். கான்வென்ட்டில் படித்தவள். குதிகால் உயர்ந்த சப்பாத்து போட்டவள். ஏழைப் பிள்ளைகளுக்கு நாகரிகம் கற்பிக்கத்தான் கடவுள் என்னைப் படைத்தார் என்று நம்பிய வயது.

“எங்கிட்ட விடுங்க மதர்” என்றேன்.

மறுநாளே ஆரம்பித்தேன். தமிழில் சொன்னால் நாகரிகம் குறைந்துவிடும் என்று ஆங்கிலத்திலேயே வைத்துக்கொண்டேன். தண்ணீர் மொண்டு கொடுத்தால் தேங்க்யூ. சிலேட்டுக் குச்சி கொடுத்தால் தேங்க்யூ. மறந்தவர்கள் பெஞ்சின்மேல் ஏறி நின்று, நான் போதும் என்னும்வரை அதையே சொல்ல வேண்டும். ஒரு பையன் என்னிடம் அடி வாங்கிவிட்டும் தேங்க்யூ சொன்னான். என் திறமையை நினைத்து எனக்கே புல்லரித்தது.

2. புகார்

பாக்கியம் அக்கா லைன் வீட்டில் மாடு வைத்து, வீடு வீடாகப் பால் ஊற்றுபவர். அவர் மகள் ராசாத்தி என் வகுப்பில் படித்தாள். ஒரு நாள் காலையில் பால் பாத்திரத்தோடு வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

“டீச்சரம்மா, எம் மவளுக்கு என்ன சொல்லிக் குடுத்தீங்க? சோறு போட்டா தேங்க்யூங்கறா. தல பின்னி விட்டா அதுக்கும் தேங்க்யூ. நான் என்ன வேத்தாளா? பால் வாங்குற துரைசாணி சொல்ற பேச்ச பெத்த மவ எங்கிட்ட சொல்லலாமா?”

“அது நாகரிகம்மா. செஞ்ச உதவிக்கு நன்றி சொல்லணும்ல?”

“உதவியா? புள்ளைக்குச் சோறு போடுறது உதவியா?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாததால் நீளமாகப் பேசினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நல்லா பேசுறீங்க” என்று சொல்லி ராசாத்தியின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அக்கம்பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வரவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் பாதிப் பெஞ்சுகள் காலி.

மதர் பெஞ்சுகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “பள்ளி இன்ஸ்பெக்டர் வந்தால் இந்த வகுப்பை மூடச் சொல்லுவார், டீச்சர்.”

வகுப்பை மூடினால் எனக்கு வேலை இல்லை. வேலை இல்லையென்றால் கிள்ளானில் அப்பா பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளைதான். அவரை நான் ஒருமுறை பார்த்திருந்தேன். அன்று மாலையே சமாதானம் பேசக் கிளம்பிவிட்டேன்.

3. லோங்காங்

மழை அப்போதுதான் விட்டிருந்தது. லைன் வீடுகளுக்கு முன்னால் ஓடும் சாக்கடையை மலாய் மொழியில் லோங்காங் என்பார்கள். அதைக் கடக்க ஒரு பலகை போட்டிருந்தார்கள். அந்தப் பலகையின் இடுக்கில் என் சப்பாத்தின் குதிகால் மாட்டிக்கொண்டது. அடுத்த நிமிடம் நாகரிகம் இடுப்பளவு கறுப்புத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது.

“அம்மா, டீச்சர் லோங்காங்ல விழுந்துட்டாங்க!” என்று ராசாத்தி கத்தினாள். அவள் குரலில் வருத்தம் அதிகம் இருந்ததாகச் சொல்ல முடியாது.

பாக்கியம் அக்கா ஓடிவந்து என்னைத் தூக்கினார். மாட்டுக் கொட்டகைப் பக்கம் உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். பெட்டியிலிருந்து, இன்னும் மடிப்புக் கலையாத சேலை ஒன்றை எடுத்துக் கட்டிவிட்டார். வீங்கிய கணுக்காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டார். பிள்ளையை ஏன் அனுப்பவில்லை என்று நானும் கேட்கவில்லை. எதற்கு வந்தீர்கள் என்று அவரும் கேட்கவில்லை. தட்டில் சோறும் ரசமும் சுட்ட கருவாடும் வைத்தார்.

தேங்க்யூ நாக்கின் நுனிவரை வந்து நின்றது. சொன்னால் கோபித்துக்கொள்வார். சொல்லாமலும் இருக்க முடியவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த ராசாத்தி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெஞ்ச் ஒன்று இருந்திருந்தால் என்னை ஏற்றியிருப்பாள்.

கடைசியில் தட்டை நீட்டினேன்.

“அக்கா, இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்துங்க.”

பாக்கியம் அக்காவின் முகம் மலர்ந்தது. “இது பேச்சு!” என்று அகப்பை நிறைய மொண்டு ஊற்றினார்.

“அம்மா, டீச்சர் தேங்க்யூ சொல்லலம்மா!”

“அதெல்லாம் சொல்லிட்டாங்கடி. நீ சும்மா இரு.”

நான் கிளம்பும்போது அவரே சொன்னார்: “நாளைக்கிப் புள்ளைய அனுப்புறேன். அந்தத் தேங்க்யூவ வெளியாளுங்களுக்கு வச்சுக்கட்டும். வெள்ளக்காரம்மாவுக்குச் சொல்லட்டும். வீட்ல மட்டும் வேணாம்.”

4. மதரின் கேள்வி

மறுநாள் நொண்டிக்கொண்டே போய், போரில் ஜெயித்த தளபதிபோல மதர் முன்னால் நின்றேன். “எல்லாப் பிள்ளைங்களும் வந்துடுவாங்க மதர். வீட்டு மனுஷங்களுக்குச் சொல்ல மாட்டாங்க. வெளி ஆளுங்களுக்குத்தான் சொல்லுவாங்க. உங்களுக்குக் கண்டிப்பா சொல்லுவாங்க.”

நான் பிறப்பதற்கு முன்பே இந்த நாட்டுக்கு வந்தவர் மதர்.

“டீச்சர்,” என்றார், “நான் வெளி ஆளா?”

இந்த முறையும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் நீளமாகப் பேசவில்லை. அந்த அளவுக்குத் தேறியிருந்தேன்.

“வெளி ஆள் இல்லையென்றால், எனக்கும் சொல்ல வேண்டாம்” என்றார் மதர்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் தனியாக லைன் வீடுகளுக்குப் போனார். திரும்பி வந்தபோது வெள்ளை அங்கியின் ஓரமெல்லாம் சாணி. முகமெல்லாம் சிரிப்பு.

புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நல்ல பழக்கம் சொல்லிக்கொடுக்கும் முன், பிள்ளையின் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அங்கே என்ன பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது என்று தெரியும். அதைத் தெரிந்துகொள்ள நான் சாக்கடையில் விழ வேண்டியிருந்தது. நீங்கள் கதவைத் தட்டியே உள்ளே போகலாம்.