பல் மாஸ்டரின் கப்பலுக்கு ஏறிய பளபளப்பு

பல் மாஸ்டர் என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர்கள் குறைவு. டாக்டர் இல்லை அவர். டாக்டர் முன்னறையில் உட்கார்ந்து, வாயைத் திறக்கச் சொல்லி அச்சு எடுப்பார். அந்த அச்சை வைத்துக்கொண்டு பின்னறையில் பல் செட் செய்கிறவர்தான் இவர். இருபத்தேழு வருடமாக அதே பின்னறை, அதே முக்காலி. பக்கத்துத் தெருக்களில் பாதிப் பெரியவர்கள் இவர் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள். செட் கொஞ்சம் உறுத்தினால் இவரைத் திட்டுவதும் அதே பல்லால்தான்.

வீட்டில் அவருக்கு ஒரு கப்பல் இருந்தது. இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய போர்க்கப்பல் ஒன்றின் வரைபடத்தை வைத்து, அதை அறுபத்து நான்கில் ஒரு பங்காகச் சுருக்கி, மரத்தில் செய்துகொண்டிருந்தார். செய்து முடித்தார் என்று எழுத ஆசைதான். ஒன்பது வருடம் ஆகியும் முடியவில்லை. மூன்றாம் மாடி வீட்டின் சின்ன அறையில், ஜன்னலோரம் ஒரு மேசை. அதன் மேல் ஒரு மீட்டர் நீளத்துக்கு அது கிடந்தது. துணி காயப்போடும் கொடியை அந்த அறையிலிருந்து கழற்றச் சொல்லி மனைவியோடு நடந்த சண்டை மட்டும் இரண்டு வருடம் ஓடியது.

கப்பலின் விலாவை ஒரே பலகையில் வளைத்துவிடவில்லை அவர். நிஜக் கப்பலில் எத்தனை பலகையோ அத்தனை பலகை. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தில் பாதி அகலம். ஆவியில் காட்டி வளைத்து, பக்கத்துப் பலகையோடு ஒட்டி, மேலே ஆணி. அந்த ஆணியும் உலோகம் இல்லை. மூங்கிலை நூல் கனத்துக்குச் சீவி, பல் துளைக்கும் ஊசியால் ஓட்டை போட்டு, ஒவ்வொன்றாகச் செருகியது. மொத்தம் மூவாயிரத்து எண்ணூறு. விரலால் தடவினால் ஆணித்தலைகள் எறும்பு வரிசை மாதிரி லேசாகத் தட்டுப்படும். யாரும் இல்லாத நேரத்தில் அவர் அப்படித் தடவிப் பார்ப்பது உண்டு. மரத்துக்கு மெழுகைத் தவிர வேறெதுவும் பூசவில்லை. கீழ்வரிசைக் கயிறுகளையும் அவரே பருத்தி நூலில் முறுக்கிக் கட்டி முடித்திருந்தார்.

வீட்டுக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "இன்னும் முடியலையா?" அதோடு சரி. ஒன்பது வருடத்தில் ஒருத்தர்கூட "அடடா" என்று சொன்னதில்லை. அவரும் அதை எதிர்பார்ப்பதை விட்டுவிட்டார். நூலக மாடியில் கூடும் மாதிரிக் கப்பல் கழகம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கண்காட்சி வைக்கும். அங்கே வருகிறவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். இந்தத் தடவை அங்கே வைத்துவிட வேண்டும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துக் குடலிறக்கம் வந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் பத்து நாளைக்கு மாடிப்படி ஏறக் கூடாது என்றார்கள். மூன்றாம் மாடிக்கு லிஃப்ட் கிடையாது. "அதுக்கென்ன, நம்ம வீடு தரையோட தானே இருக்கு" என்று மனைவியின் தம்பி வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டான். அவன் கார்களுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கிற பட்டறை வைத்திருப்பவன். 'கலர்' என்ற பட்டப்பெயரைச் சொன்னால்தான் ஆட்களுக்கு அவனைத் தெரியும். இடி விழுந்த மாதிரி சிரிப்பான், யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் முதல் ஆளாக நிற்பான். அந்தப் பத்து நாளும் அத்தானைக் கைத்தாங்கலாகக் கழிவறைக்குக் கூட்டிப் போனான், வெந்நீர் வைத்தான், தலையணையைச் சரிசெய்தான். நடுநடுவே "செடிக்குத் தண்ணி ஊத்திட்டு வர்றேன்" என்று மூன்றாம் மாடி வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போவான். போய்விட்டு வரும்போதெல்லாம் அக்காவைப் பார்த்து ஒரு மாதிரி சிரிப்பான்.

பதினோராம் நாள் பல் மாஸ்டர் படிக்குப் படி நின்று மூச்சு வாங்கி, வீடு வந்து சேர்ந்தார். மைத்துனன் முன்னால் ஓடிப்போய்ச் சின்ன அறையின் விளக்கைப் போட்டான்.

கப்பலின் மேல் அந்த விளக்கு தெரிந்தது. விளக்கு மட்டுமா, ஜன்னல் கம்பி தெரிந்தது, சுவர்க் கடிகாரம் தெரிந்தது, வாசலில் கைத்தடியோடு நின்ற அவர் முகமும் தெரிந்தது.

"எப்படி அத்தான்?" மைத்துனனுக்கு முகமெல்லாம் பல். "நம்ம கடையில இருக்கிறதிலேயே ஒசத்தியான கிளியர் வார்னிஷ். மூணு கோட்டு! மெத்தை மேல வச்சு, வேனை நத்தை மாதிரி ஓட்டிப் பட்டறைக்குக் கொண்டு போனேன். ஒரு துளி தூசி இல்லாம, மூடின அறைக்குள்ள வச்சு அடிச்சது. இருபது வருஷம் ஆனாலும் மங்காது!"

பல் மாஸ்டர் வாயிலிருந்து "ம்" என்று ஒரு சத்தம் வந்தது.

"பாத்தியாக்கா? அத்தானுக்குப் பேச்சே வரல!"

பேச்சு வரவில்லைதான். கிட்டே போய்க் கயிற்றைத் தொட்டார். கம்பி மாதிரி விறைத்திருந்தது. கயிறு இழுபடும் மரக்கட்டைகளின் துளைகளில் கண்ணீர் மாதிரி பெயிண்ட் துளிகள் உறைந்திருந்தன. விலாவைத் தடவினார். கண்ணாடியைத் தடவுவது போல விரல் வழுக்கிக்கொண்டு போனது. மூவாயிரத்து எண்ணூறு ஆணியில் ஒன்றுகூடத் தட்டுப்படவில்லை. அவருக்கு மனசுக்குள் கணக்கு ஓடியது. இந்தப் பூச்சை அறுபத்து நான்கால் பெருக்கினால், நிஜக் கப்பலின் மேல் அரை விரல் கனத்துக்குக் கண்ணாடியைக் காய்ச்சி ஊற்றிய மாதிரி. அப்படியொரு கப்பல் எந்தக் கடலில் போயிருக்கும்?

"நல்லா இருக்கு மாப்ள" என்றார். பத்து நாள் தன்னைத் தூக்கிச் சுமந்தவனிடம் வேறென்ன சொல்ல?

அதற்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. கப்பலுக்குத் திடீரென்று மவுசு வந்துவிட்டது. எதிர் வீட்டுக்காரர் குடும்பத்தோடு வந்து பார்த்தார். கீழ்மாடி டீச்சர் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். ஒன்பது வருடமாக வராத "அடடா" ஒரே வாரத்தில் ஒன்பது தடவை வந்தது. பல் டாக்டர்கூட வந்து பார்த்துவிட்டு, "மாஸ்டர், இதைக் கிளினிக் முன்னறையில வைக்கலாமே! சும்மா ஜொலிக்குதே!" என்றார். ஒவ்வொரு பாராட்டும் பல் மாஸ்டருக்கு ஈறில் ஊசி ஏற்றின மாதிரி இருந்தது.

அந்தப் பூச்சு ஸ்பிரிட்டுக்கு மசியவில்லை. தின்னர் போட்டால் கீழே இருக்கும் பசையும் சேர்ந்து கரைந்துவிடும். கடைசியில் தன் தொழிலிலேயே வழி தேடினார். பல் செட்டைத் தேய்க்கிற கல்தூளைத் தண்ணீரில் குழைத்து, காது குடையும் பஞ்சுக்குச்சியில் தொட்டு, பளபளப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போக வைக்கப் பார்த்தார். தினமும் வேலைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம். இரண்டு மாதத்தில் உள்ளங்கை அகலம் தேறியது. அதுவும் ஒரே சீராக இல்லை. ஓர் இடத்தில் மங்கல், ஓர் இடத்தில் மினுமினுப்பு. ஒரு பலகையின் விளிம்பில் கை கொஞ்சம் அழுந்தி, பூச்சு தாண்டி மரமே தேய்ந்துபோனது. அன்றைக்குப் பஞ்சுக்குச்சி டப்பாவைச் சுவரில் விட்டெறிந்தார். நாற்பது குச்சிகளையும் குனிந்து பொறுக்கியதும் அவர்தான். தையல் போட்ட இடம் சுருக்கென்றது.

"அவன்கிட்டே சொல்லிடுங்களேன்" என்றாள் மனைவி.

"என்னன்னு சொல்ல? நீ ஆசையா செஞ்சது என் ஒன்பது வருஷத்துல மண்ணள்ளிப் போட்டுடுச்சுன்னா?"

"இப்படி உள்ளுக்குள்ளயே பொருமிட்டு என் மேல எரிஞ்சு விழறதுக்கு அது தேவலை."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"சந்தோஷப்படுவீங்கன்னு நெனச்சேன்" என்றாள். "எனக்கும் அது அழகாத்தான் தெரிஞ்சுது."

அடுத்த விடுமுறை நாளில் மைத்துனன் பட்டறை நண்பர்கள் மூன்று பேரோடு வந்துவிட்டான், தன் கைவண்ணத்தைக் காட்ட. அறைக்குள் நுழைந்தவன் கப்பலின் இடது பக்கத்தைப் பார்த்துப் பதறிப்போனான்.

"ஐயோ! யாரு அத்தான் இப்படிக் கீறி வச்சது? சரி, விடுங்க, விடுங்க. ஒண்ணும் ஆகல. இன்னும் ஒரே ஒரு கோட்டு போட்டா..." என்று கப்பலைத் தூக்கக் கையை நீட்டினான்.

"கையை எடுடா!"

அவர் குரல் இவ்வளவு உரக்க வரும் என்று அவருக்கே தெரியாது. "தொடாதே! நான்தான் கீறினேன். ரெண்டு மாசமா தேய்க்கிறேன், போக மாட்டேங்குது! இது காரா? கல்யாண ஊர்வலத்துக்குப் போற காரா? உப்புத் தண்ணியில ஊறின மரம்டா இது! யாரைக் கேட்டு அடிச்சே? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டியா?"

நண்பர்கள் மூவரும் செருப்பைத் தேடினார்கள். மைத்துனன் நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டான். அவன் சிரிக்காமல் நின்று அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. "தெரியல அத்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

ஆறு வாரம் அவன் வரவில்லை. மனைவி சமைத்தாள், துவைத்தாள், பள்ளிக்கூட ஆபீஸ் வேலைக்குப் போய் வந்தாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். பல் மாஸ்டருக்கு மனப்பாரம் இறங்கியிருக்க வேண்டும், இறங்கவில்லை. கப்பலைப் பார்த்தாலும் எரிச்சல், பார்க்காவிட்டாலும் எரிச்சல். கண்காட்சி தேதியும் வந்தது, போனது. அன்றைக்கு அவர் நூலகம் இருக்கும் தெருப்பக்கமே போகவில்லை.

ஒரு நாள் மத்தியானம் கிளினிக்கின் பின்னறைக் கதவைத் தள்ளிக்கொண்டு மைத்துனன் வந்தான். உட்காரவில்லை. காகிதத்தில் சுற்றியிருந்த ஐந்து மரத்துண்டுகளை, காய்ந்துகொண்டிருந்த பல் அச்சுகளுக்கு நடுவே வரிசையாக வைத்தான்.

"எல்லாத்துலயும் அதே கிளியர்தான் மொதல்ல. அதுக்கு மேல பளபளப்பைக் கொல்ற மருந்து கலந்து ஒரு லேசான கோட்டு. ஒவ்வொண்ணுலயும் ஒரு அளவு. இதுல எது உப்புத் தண்ணியில ஊறின மரம் மாதிரி இருக்கு?"

பல் மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மூன்றாவது துண்டை மட்டும் கீழே வைக்கவில்லை. அது அச்சு அசலாக மெழுகு பூசின மரம் மாதிரியே இருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. இரண்டு மாதம் பஞ்சுக்குச்சியால் முடியாததைப் பத்து நிமிடத்தில் செய்யக்கூடிய ஆள் உலகத்திலேயே ஒருத்தன்தான். அவன் கையில்தான் மறுபடியும் கப்பலைக் கொடுக்க வேண்டும்.

"இது" என்றார். "ஆனா இன்னொரு தடவை உன்கிட்டே குடுக்க எனக்குப் பயமா இருக்கு மாப்ள."

"எனக்கு மட்டும் பயமில்லையா?" என்றான் அவன்.

பட்டறையில், மூடின அறையின் சின்னக் கண்ணாடி வழியாகப் பல் மாஸ்டர் பார்த்துக்கொண்டே நின்றார். மைத்துனன் மூச்சை அடக்கிக்கொண்டு, மூக்குமூடிக்கு மேல் வியர்வை வழிய, கப்பலைச் சுற்றிச் சுற்றி வந்தான். பளபளப்பு முனையிலிருந்து முனைவரை ஒரே சீராக அணைந்துகொண்டே போனது. வெளியே வந்து மூக்குமூடியைக் கழற்றியவன் முகத்தைச் சுளித்தான்.

"உங்களுக்காகச் செஞ்சேன். எனக்கென்னவோ பரண்ல கெடந்த சாமான் மாதிரி இருக்கு அத்தான்."

தெருவில் எல்லோருக்கும் அதே அபிப்பிராயம்தான். "ஐயையோ, அந்தப் பளபளப்பு எங்கே போச்சு?" என்று எதிர் வீட்டுக்காரர் துக்கம் விசாரித்தார். டாக்டர் முன்னறைப் பேச்சை அதோடு விட்டுவிட்டார்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. விறைத்த கயிறுகள் அத்தனையையும் வெட்டி எறிந்துவிட்டு, நூலை முறுக்குவதிலிருந்து மறுபடியும் ஆரம்பிக்க வேண்டியிருந்தது. அதற்கு முழுசாக ஒரு வருடம் போனது. ஆணித்தலைகள் கண்ணுக்குத் தெரிந்தன, விரலுக்குத் தெரியவில்லை. நாலு கோட்டுக்கு அடியில் போனது போனதுதான். இப்போதும் தடவிப் பார்ப்பார், உதட்டைக் கடித்துக்கொள்வார்.

அடுத்த கண்காட்சிக்குக் கப்பல் போனது. நடுவராக வந்தவர் கடல் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். பூதக்கண்ணாடியும் அளவுகோலுமாக ஒரு மணி நேரம் கப்பலைச் சுற்றி வந்தார், தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். இருபத்திரண்டு கப்பல்களில் பல் மாஸ்டருடையதற்கு மூன்றாம் இடம். மதிப்பெண் தாளை மனைவிதான் முதலில் வாங்கிப் படித்தாள்.

"மேல்பூச்சு: பத்துக்குப் பத்து. இந்தக் கண்காட்சியிலேயே சிறந்தது."

மைத்துனன் மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி ஒரு சத்தம் போட்டான். யார் யாருக்கோ போன் போட ஆரம்பித்தான்.

"கீழே என்ன போட்டிருக்கு?" என்றார் பல் மாஸ்டர்.

மனைவி அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினாள். "நங்கூரத்தோட குறுக்குக் கட்டை அளவுக்கு மேல தடிமன்னு எழுதி, மூணு மார்க் குறைச்சிருக்காங்க."

அந்த நங்கூரம் முழுக்க முழுக்க அவர் கைவேலை. மறுநாள் காலை வரைபடத்தை விரித்து, கட்டையை அளந்தார். ஒரு மில்லிமீட்டர் கூடுதல். மறுபடியும் அளந்தார். ஒரு மில்லிமீட்டர்தான்.

"சரியா இருக்கா?" என்று மனைவி சமையலறையிலிருந்து கேட்டாள்.

"அந்த மனுஷன் சொன்னதுதான் சரி" என்றார். பிறகு நங்கூரத்தைக் கழற்றுவதற்கு மெல்லிய இடுக்கியைத் தேட ஆரம்பித்தார்.