ஐந்தரை என்று எழுதியிருந்தது

கழுத்துக்குப் பவுடர் போடும்போது விரலில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வேர்க்கடலை அளவு. வலியில்லை. வலித்திருந்தால் சீக்கிரம் போயிருப்பேன்.

தைராய்டு புற்றுநோய். கழுத்தை அறுத்துக் கட்டியை எடுத்தபின் நுரையீரலிலும் புள்ளிகள் தெரிந்தன. அடையாறில் கதிர் அயோடின் (மிச்சமுள்ள தைராய்டு செல்களைத் தேடிப் போய் எரிக்கும் மருந்து) கொடுத்தார்கள். நூறு மில்லிகியூரி. அது கதிரியக்கத்தை அளக்கும் அலகு என்றார் டாக்டர். குடித்தபின் என் உடம்பே கதிர் வீசும்; கருவி காட்டும் அளவு இறங்கும்வரை தனி அறை. வீட்டுக்கு வந்த பிறகும் சில வாரம் நான்கு வயது மகள் ரீட்டாவை மடியில் வைக்கக் கூடாது.

அடுத்த முறைக்கு, வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த இளம் டாக்டர் சீட்டு எழுதினார். 5.5. பக்கத்தில் ஆங்கிலத்தில் மூன்று எழுத்து.

“ஃபிலோ, போன தடவ நூறு. இப்போ அஞ்சரைதான். நூறு எங்க, அஞ்சரை எங்க! நோய் ஓடியே போச்சு!” என்றார் என் கணவர் ஜெரால்டு.

நான் நான்காம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். கிலோவா, கிராமா என்று எழுதாத பிள்ளைக்கு மதிப்பெண் குறைப்பேன். அந்த மூன்று எழுத்தை நானும் பார்த்தேன். ஆனால் நம்ப ஆசையாக இருந்தது.

எந்த உறுப்பு குணமானதோ அதை வெள்ளித் தகட்டில் செய்து மாதாவுக்குப் போடுவது எங்கள் வழக்கம். கண், கை, கால் எல்லாம் கடையில் கிடைக்கும். கழுத்து கிடைக்கவில்லை. ஜெரால்டு தி.நகரில் சொல்லிச் செய்து, பெசன்ட் நகர் மாதா கோயிலில் போட்டுவிட்டு வந்தார். பிறகு டாக்டருக்கும் நன்றி சொல்லப் போனோம்.

“மருந்த கொறச்சதுக்கு ரொம்ப தேங்க்ஸ், டாக்டர்.”

“கொறைக்கலையே சார். இது கிகாபெக்கரல், புது அலகு. பழைய கணக்குல நூத்தம்பது மில்லிகியூரி. போன தடவைய விட ஜாஸ்தி.”

“அப்போ அந்தத் தகடு...” என்றார் ஜெரால்டு. டாக்டருக்குப் புரியவில்லை.

போட்ட காணிக்கையைத் திருப்பிக் கேட்க முடியுமா? நன்றி சொன்ன வாயால் மறுபடி வேண்டிக்கொள்ள அவருக்குக் கூச்சம். கோயில் பக்கம் போவதையே விட்டுவிட்டார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

இப்படி ஒரு சீட்டோடு உட்கார்ந்திருப்பவர்களே, எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது என்னவென்று கேளுங்கள். கேட்டால் நோய் குறையாது. ஏமாறாமல் இருக்கலாம், அவ்வளவுதான்.

மூன்றாம் முறை, மருந்து குடித்த மறுநாள், தனி அறை வாசலில் நின்று டெக்னீஷியன் கருவியை நீட்டினார். முள் லேசாக அசைந்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

“இவ்ளோ சீக்கிரம் இறங்கிடுச்சே மேடம்! நாளைக்கே வீட்டுக்குப் போலாம்.”

இந்த முறை அலகில் குழப்பமில்லை. அளவு உண்மையாகவே குறைந்திருந்தது. வாசலுக்கு வெளியே நின்ற ஜெரால்டு என்னைப் பார்த்தார், சிரிக்கப் பயந்தார்.

பயந்தது சரிதான். ஸ்கேனில் (மருந்து உடம்பில் எங்கே தங்கியிருக்கிறது என்று காட்டும் படம்) நுரையீரல் வெறுமையாக இருந்தது. எக்ஸ்ரேயிலோ புள்ளிகள் பெருத்திருந்தன.

“மருந்து எங்கயும் தங்கலம்மா. கட்டி இப்போ அயோடின எடுத்துக்கறதில்ல,” என்றார் டாக்டர். “இனிமே இது வேண்டாம்.” வேறு எது வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

முன்பெல்லாம் கதவோரம் நின்று வாரக்கணக்கில் அழுத ரீட்டா, இந்த முறை சீக்கிரமே பக்கத்தில் வந்தாள்.

“இப்போ தொடலாமா மம்மி?”

“தொடலாம்டா.”

மருந்துக்கு என் உடம்பில் இடமில்லாததால் அவளுக்கு மடியில் இடம் கிடைத்தது. கழுத்துத் தழும்பில் கையை வைத்தபடி தூங்கிவிட்டாள். எனக்குக் கால் மரத்துப்போய்விட்டது. இறக்கிவிட மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்.