கிணற்றுக் கணக்கு

எஸ்.எஸ்.எல்.சி. கணக்குப் பரீட்சை முடிந்த மாலை, புதுக்கோட்டை பஸ் நிலையத்தில் குளத்தூர் பஸ்ஸுக்காக அண்ணனுடன் நின்றிருந்தேன். கணக்கில் நல்ல மார்க் வந்தால் கல்லூரி, இல்லையேல் கல்யாணம் என்று அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார். அருகில் வேறு பள்ளி மாணவர்கள் நால்வர் விடைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வட்டக் கிணறு தோண்டிய மண்ணின் கன அளவு நால்வருக்கும் ஒன்றாகவே வந்திருந்தது. எனக்கு வந்தது அதில் கால்பங்குதான்.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தான். "என்னத்தா, அம்புட்டுத்தானா? கூறைப்பொடவை எடுத்துரச் சொல்லவா?"

நான் குனிந்து செம்மண்ணில் குச்சியால் வட்டம் வரைந்து, மறுபடியும் வரிவரியாகப் போட்டேன். அதே கால்பங்கு. நிமிர்ந்து அவர்களிடம் கேட்டேன். "ஏழு அடிங்கிறது ஆரமா, விட்டமாங்க? கேள்விய ஒருக்காப் படிச்சுப் பாருங்க."

ஒருவன் படித்தான். "அடேய், விட்டம்டா!" அவன் குரல் உடைந்தது. ஏழு அடியையே ஆரமாக வைத்துப் பெருக்கியிருந்தார்கள். அவன் வீட்டிலும் ஓர் அப்பா காத்திருந்திருப்பார். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

பஸ் வந்தது. "காலேஜுக்கு அப்பாகிட்ட நான் பேசுறேன்" என்றான் அண்ணன்.

"வேணாண்ணே. நானே பேசிக்கிறேன்."