கீழத்தெருவுக்கு ஒரே நெஞ்சு

பொன்னுத்தங்கம் ஒரு செம்பு வெந்நீரைக் கடகடவென்று குடித்துவிட்டு, இடுப்பில் இரண்டு கைகளையும் ஊன்றி நின்று, மூன்று தடவை மூச்சை இழுத்து விடுகிறாள். நாலாவது இழுப்பில் அடிவயிற்றிலிருந்து ஒரு கனைப்பு கிளம்புகிறது. எதிர்வீட்டுச் சேவல் கூவ எடுத்த வாயை மூடிக்கொள்கிறது. ஆராய்ச்சிக்காரர்கள் கொடுத்த பிளாஸ்டிக் டப்பாவை வாயருகே பிடித்து ஒரே துப்பு. மூடியைத் திருகி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இந்தா, இதுக்குப் பேருதான் சளி. மத்தவுக துப்புறதெல்லாம் எச்சி" என்கிறாள்.

அச்சங்குளம் கீழத்தெருவில் இந்த வித்தையில் அவளை அடிக்க ஆள் கிடையாது. வயது நாற்பத்து மூன்று. பத்தொன்பது வருஷமாகக் கம்பி மத்தாப்புக் கம்பெனியில் வேலை. சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும்போது தலைமுடி, புருவம், காதுமடல் எல்லாம் வெள்ளிப்பொடி அப்பியிருக்கும். கழுவினாலும் முழுசாகப் போகாது. "எங்களுக்கு நகை எதுக்கு? தீவாளி வரைக்கும் ஒடம்பே மினுங்கும்" என்பாள். நெஞ்சுக்குள்ளும் மினுங்குகிறது என்பது அந்தத் தெருவுக்குத் தெரிந்த விஷயம்தான். அதனால் வருகிற இருமலுக்குக் கம்பெனி இருமல் என்று பெயர். அதை யாரும் இருமல் கணக்கில் சேர்ப்பதில்லை. வெயில் காலத்தில் வியர்க்கிறது என்று எவனாவது வைத்தியரிடம் போவானா?

அவளிடம் இன்னொரு குணமும் உண்டு. கேட்டவருக்கு இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. அவளுடைய இட்லிக் கொப்பரை வருஷத்தில் பாதி நாள் அடுத்த வீடுகளில்தான் வேகும். கல்யாணத்துக்குக் கட்டவென்று எடுத்த ஒரே பட்டுச்சேலையைத் தெருவில் ஏழு பெண்கள் கட்டிப் போட்டோ எடுத்திருக்கிறார்கள். "குடுத்தா எங்கிட்ட என்ன கொறஞ்சிரப் போவுது?" என்பது அவள் வாய்ப்பாடு. அதில்தான் வந்தது வினை.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் தை மாதம், மதுரைப் பக்கமிருந்து ஓர் ஆராய்ச்சி ஜீப்பில் வந்து இறங்கியது. காசநோயைக் கண்டுபிடிக்கப் புதிதாக ஒரு சோதனை வந்திருக்கிறதாம். அது கிழவருக்கும் குமரிக்கும், ஒல்லிக்கும் தடிக்கும், பீடி குடிக்கிறவருக்கும் குடிக்காதவருக்கும் ஒரே மாதிரி சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். தலைமை டாக்டரம்மா நல்ல மனுஷி. யாரைப் பார்த்தாலும் முதலில் கும்பிடுவார். அவருக்குக் கீழே களப்பணிக்குச் சீனிவாசகம் என்று ஒரு விருதுநகர் இளைஞன். அவன் கையில் நாற்பத்தோரு கேள்விகள் அச்சடித்த படிவம்.

கேள்விகளைத் தயாரித்தவர் மாடி வீட்டுக்காரராக இருக்க வேண்டும். "இரண்டு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா?" என்று ஒரு கேள்வி. பட்டாசுக் கம்பெனியில் மாடி கட்டக் கூடாது என்பது சட்டம். கீழத்தெருவில் மாடி கட்ட வழியில்லை என்பது நிலவரம். பொன்னுத்தங்கம் யோசித்துப் பார்த்து, "சாத்தூர் டேசன்ல ஒரு தடவ ஏறுனேன் தம்பி. அப்ப ரயிலு கிளம்பிருச்சு, மூச்சு வாங்குச்சு" என்றாள். அவன் 'ஆம்' என்று எழுதினான். "எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறீர்கள்?" என்பது அடுத்தது. "தலகாணியா? கையத்தான் மடக்கி வைப்பேன். ரெண்டு கை இருக்கு, ரெண்டுன்னு போட்டுக்கிருங்க." அவன் இரண்டு என்றே போட்டுக்கொண்டான். "இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உண்டா?" என்றபோது மட்டும் தெரு முழுக்க ஒரே பதில்: "கம்பெனி இருமல்தான். வேற ஒண்ணும் இல்ல." படிவத்தில் கம்பெனி இருமலுக்குக் கட்டம் இல்லாததால் எல்லோருக்கும் 'இல்லை' என்று விழுந்தது. அந்த ஆண்டு ஆராய்ச்சிக் கணக்கில் மாவட்டத்திலேயே இருமாத தெரு கீழத்தெருதான்.

சளி கொடுப்பதிலும் ஒரு சிக்கல் இருந்தது. வேலை நாளில் எடுத்த சளி வெள்ளிப்பொடியோடு பளபளத்தது. சோதனைக்கூடத்தில் 'மாதிரி கலப்படமானது' என்று திருப்பி அனுப்பினார்கள். பொன்னுத்தங்கம்தான் வழி கண்டுபிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை லீவு. அன்று நன்றாகக் குளித்து, திங்கள் காலையில் வெந்நீர் குடித்துக் கக்கினால் சுத்தமான சளி வரும். வந்தது. சோதனைக்கூடமே பாராட்டியதாகச் சீனிவாசகம் சொன்னான். 'கிருமி இல்லை' என்று சீட்டும் வந்தது. அதைச் சிவகாசிக்குக் கொடுத்தனுப்பி லேமினேஷன் போட்டு, மாரியம்மன் படத்துக்குக் கீழே ஆணியடித்து மாட்டினாள். படித்துப் பட்டம் வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வதில்லையா என்ன?

சீனிவாசகம் ஒட்டிவிட்டுப் போன 'இருமும்போது வாயை மூடவும்' என்ற படத்தை மட்டும் அவள் மதிக்கவில்லை. "எதுக்கு மூடணும்? நான் என்ன களவாண்டுட்டா வந்தேன்?" என்று கேட்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி இருமுவாள்.

ஆடி மாதம் ஆராய்ச்சி இரண்டாம் சுற்றுக்கு வந்தது. அதற்குள் பொன்னுத்தங்கத்துக்கு இருமல் மூன்று மாதமாக நிற்கவில்லை. ரவிக்கையெல்லாம் தொளதொளத்துப்போனதற்கு அவள் தையல்காரனைத் திட்டினாள். சாயங்காலமானால் உடம்பு காய்ந்தது. அதற்கு வெயிலைத் திட்டினாள். சுவரில்தான் சீட்டு தொங்குகிறதே!

முடிவுகள் ரகசியமாக இருக்கும் என்று டாக்டரம்மா சத்தியம் செய்திருந்தார். அந்தச் சத்தியம் டீக்கடை வரை வந்து அங்கே கரைந்துவிட்டது. கம்பெனி போர்மேன் சுந்தரபாண்டி வேன் வாசலில் நின்று அறிவித்தார். "இந்தத் தடவ சீட்டுல கிருமி இல்லைன்னு வந்தவுகதான் சீசனுக்கு ஏறலாம். மத்தவுக வீட்ல ரெஸ்ட் எடுங்க." தீபாவளி சீசனில் வேனில் ஏறாவிட்டால் அந்த வீட்டில் அடுத்த ஆடி வரை அடுப்பு எரிவதே கஷ்டம்.

அந்த வாரம் சனிக்கிழமையும் கம்பெனி லீவு. ஞாயிறு காலை முதலில் வேலியோரம் வந்தவள் பக்கத்து வீட்டு ராக்காயி. கையில் டப்பா.

"மதினி, என் சளி எப்படி இருக்குமோ, பயமா இருக்கு. ஒன்னோடதுதான் சுத்தமானதுன்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்துருக்குல்ல. இதுல ஒரு வாய் துப்பிக் குடு."

"அதுக்கென்ன, கொண்டா" என்றாள் பொன்னுத்தங்கம்.

பிறகு மூன்றாம் வீட்டுப் பெத்தணன் வந்தார். அவர் தம்பி பொண்டாட்டி வந்தாள். அடுத்த வரிசை வீடுகள் வந்தன. எதிர்வீட்டு மருமகள் செல்வலட்சுமி, ஆறு வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கி இப்போது ஐந்து மாதம் முழுகாமல் இருப்பவள், மாமியார் சொன்னதற்காகக் கூச்சத்தோடு டப்பாவை நீட்டினாள். ஞாயிறு, திங்கள் இரண்டு காலைகளில் பதினோரு டப்பாக்களும் தன்னுடையதுமாகப் பன்னிரண்டையும் அவளே நிரப்பினாள். கடைசி டப்பாவில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்து நின்று துப்பினாள். தன் முன்னால்தான் துப்ப வேண்டும் என்பது சீனிவாசகத்துக்கு மேலிடத்து உத்தரவு. சளியைக் கண்டால் அவனுக்குக் குமட்டும். ஆகவே டீக்கடையில் உட்கார்ந்தபடியே பன்னிரண்டு படிவத்திலும் 'என் முன்னிலையில் பெறப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

பன்னிரண்டு நாள் கழித்து டாக்டரம்மாவே ஜீப்பில் வந்தார். பன்னிரண்டு பேருக்கும் கிருமி. நோய் வந்த வருத்தம் அவர் முகத்தில் இருந்தது. அதற்கு அடியில் ஒரு பூரிப்பும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. புதுச் சோதனையும் பழைய சோதனையும் பன்னிரண்டிலும் ஒத்துப்போயிருந்தன. அதுமட்டுமா? பன்னிரண்டு பேரிடமும் இருப்பது ஒரே குடும்பத்துக் கிருமியாம். ஒரே ஆளிடமிருந்து பதினோரு பேருக்குப் பரவியிருக்க வேண்டும் என்றார். அது வாஸ்தவம்தான். காற்றில் பரவியதாக அவர் நினைத்தார், அவ்வளவுதான் வித்தியாசம். வரைபடத்தில் கீழத்தெருவைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார்கள். பன்னிரண்டு பேருக்கும் ஆறு மாதத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

முதல் இரண்டு நாள் வேன் தெருவில் நிற்கவில்லை. மூன்றாம் நாள் பீகாருக்குப் போக வேண்டிய மத்தாப்பு லோடு நின்றுபோனது. பாக்கிங் செய்யக் கை இல்லை. உடனே முதலாளி ரத்தினசாமிக்கு ஞானம் பிறந்தது. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாராளமாக வேலைக்கு வரலாம். கூடவே நோயாளிகளுக்கு மாதம் முப்பது முட்டையும் இரண்டு கிலோ பாசிப்பயறும் கம்பெனி கொடுக்கும். அவருடைய சொந்த அச்சகத்திலேயே நாலு வண்ணத்தில் பேனர் அடித்துத் தெருமுனையில் கட்டினார்கள். அதில் முட்டையைவிட முதலாளி பெரிதாக இருந்தார்.

இப்போது எல்லோருக்கும் திருப்தி. டாக்டரம்மாவுக்கு வட்டம், முதலாளிக்குப் பேனர், தெருவுக்கு முட்டை. கிருமி வராத வீட்டுக்காரர்கள் பொறாமையில் வெந்தார்கள்.

பொன்னுத்தங்கத்துக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. பன்னிரண்டும் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். லேமினேஷன் சீட்டை ஆணியிலிருந்து கழற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் செருகினாள். தனக்கு நோய் என்பதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். ஒரு நாள் காலை செல்வலட்சுமி அழுதுகொண்டே வந்து நின்றாள்.

"சின்னம்மா, ஒண்ணுக்குச் செவப்பாப் போவுது. தின்னதெல்லாம் வாந்தியா வருது. வயித்துப் புள்ளைக்கு எதுவும் ஆயிருமா? மாத்திரய நிப்பாட்டுனா முட்டய நிப்பாட்டிருவாகன்னு அத்தை வையிறாக."

இல்லாத நோய்க்கு மருந்து. அதுவும் தான் துப்பிக் கொடுத்த நோய்க்கு. கொடுத்தால் எதுவும் குறைந்துவிடாது என்றுதானே இத்தனை காலம் நினைத்திருந்தாள்!

அன்றைக்கே சீனிவாசகத்தைப் பிடித்து நடந்ததைச் சொன்னாள். அவன் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. "அக்கா, ஒங்க கால்ல விழுதேன். பன்னெண்டு கையெழுத்து போட்டுருக்கேன். வேல போயிரும். ஆறு மாசம் மாத்திரதான? சத்துன்னு நெனச்சுச் சாப்பிடச் சொல்லுங்க."

"நீரு ஒரு மாத்திரய முழுங்கிட்டு வந்து இங்கன நின்னு பேசும்" என்றாள் அவள்.

தெருவும் அவளை விடவில்லை. "சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ஒனக்கென்ன மதினி அம்புட்டு நியாயம்?" என்று ராக்காயியே முகத்தைத் திருப்பினாள். ஜீப் வந்தபோது பொன்னுத்தங்கம் நேரே போய் டாக்டரம்மா முன்னால் நின்றாள். "அந்தப் பன்னெண்டும் என்னோடதும்மா. நாந்தேன் துப்பிக் குடுத்தேன். அந்தப் புள்ளத்தாச்சிக்கு மருந்த நிப்பாட்டுங்க."

டாக்டரம்மா கையில் இருந்த வரைபடத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். கடைசியில் அவர் கேட்டது ஒரு கேள்விதான்.

"அப்போ மத்த பதினோரு பேர் நெஞ்சுல என்ன இருக்குன்னு இதுவரைக்கும் யாருக்குமே தெரியாதா?"

தெரியாது. நாற்பத்தோரு கேள்வி, இரண்டு சோதனை, ஒரு வட்டம், ஒரு பேனர். இருந்தும் யாருக்கும் தெரியாது.

பதினோரு பேருக்கும் மாத்திரை நின்றது. அடுத்த திங்கட்கிழமை சத்துணவுக் கூடத்து வாசல் வெட்டவெளியில் எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்து, ஆளுக்கொரு புது டப்பா கொடுத்தார்கள். டாக்டரம்மா நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்தார். சீனிவாசகம் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, இந்தத் தடவை கண்ணைத் திறந்து வைத்திருந்தான். ஆள் ஆளாகக் காறினார்கள். பல வருஷத்துச் சாமானை முதல் தடவையாக வெளியே எடுக்கிறவர்கள் போல ஒவ்வொருவர் முகத்திலும் கலவரம் தெரிந்தது.

பொன்னுத்தங்கத்துக்கு ஒரு பக்கம் செல்வலட்சுமி, மறுபக்கம் ராக்காயி. ராக்காயியின் டப்பா இன்னும் காலி. எலும்பு துருத்திய தோளைக் குறுக்கிக்கொண்டு, வேறு எங்கோ பார்ப்பதுபோல, அதை மெல்லத் தரையோடு நகர்த்தினாள்.

"மதினி, யாரும் பாக்கல. ஒரு வாய் துப்பிரு. முட்ட நின்னு போச்சுன்னா புள்ளைக மூஞ்சியில முழிக்க முடியாது."

பொன்னுத்தங்கம் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். சொல்லுக்கு முன்னால் இருமல் வந்துவிட்டது. சட்டென்று செல்வலட்சுமியின் பக்கமிருந்து முகத்தைத் திருப்பி, முந்தானையைச் சுருட்டி வாயை இறுகப் பொத்திக்கொண்டாள். மறு கையால் ராக்காயியின் டப்பாவை எடுத்து, ராக்காயியின் வாய்க்கு நேரே பிடித்தாள்.